தோள் கறுத்தால் வீரமா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நவம்பர் 15 துப்பாக்கி மான் வேட்டை தொடங்கும் நாள். அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே எங்கள் நண்பர்கள் குழுவில் ஒரே மாதிரிப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். சட்டையை விலக்கி, கருநீலமாகக் கன்றிப்போன தோளைக் காட்டும் படங்கள். "ஸ்லக் போட்டேன், செம உதை மச்சி" என்று கீழே ஒரு வரி. ஸ்லக் ஒரு கனமான தோட்டா; உதை என்பது சுட்டதும் துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிப்பது. அதற்கு நாற்பது கைதட்டல்.

எனக்கு அந்தப் படங்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. தோள் கன்றியிருக்கிறது என்றால் அந்தத் துப்பாக்கி அந்த உடம்புக்குப் பொருந்தவில்லை, அல்லது அந்தத் தோட்டா அந்த வேலைக்கு அதிகம். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? வலியை விடப் பெரிய பிரச்சினை, அந்த வலி மூளையில் பதிந்துவிடுவது. அடுத்த முறை விசையை அழுத்தும் முன்பே கண் மூடும், தோள் முன்னால் துள்ளும், குழல் கீழே இறங்கும். குண்டு மானின் நெஞ்சுக்குப் போகாமல் வயிற்றுக்கோ காலுக்கோ போகும். காயம்பட்ட மான் இரவெல்லாம் எங்கோ கிடந்து சாகும். நம் தோளின் கதை தோளோடு முடிவதில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிக்காரி. கல்லூரியில் என்.சி.சி.யில் .22 டீலக்ஸ் ரைபிள் சுட்டிருக்கிறேன். அதில் உதை என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. இங்கே வந்து பல வருடம் கழித்துத்தான் மறுபடி துப்பாக்கியைத் தொட்டேன். வேலை, கார் மோதல் சோதனை. சீட்பெல்ட் மனித நெஞ்சை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். இந்த இரண்டு விவரமும் கீழே வரப்போகும் எல்லாவற்றுக்கும் தேவை.

நான் வேட்டைக்குப் போகத் தொடங்கியபோது தெற்கு மிச்சிகனில் சாதாரண ரைபிள் தோட்டாக்களுக்கு அனுமதி இல்லை. ஊர்கள் நெருக்கம், நிலம் சமதளம், ரைபிள் குண்டு வெகுதூரம் போகும் என்பதால் அந்த விதி. ஷாட்கனில் ஸ்லக் போடலாம், அல்லது .35 காலிபருக்குக் (குண்டின் விட்டம் 0.35 அங்குலம்) குறையாத, கழுத்து குறுகாத நேரான தோட்டாக்களைப் போடலாம் என்றிருந்தது. ஸ்லக் என்றால் சிறு ரவைகளுக்குப் பதிலாக ஒரே ஈயக் குண்டு, ஏறக்குறைய 28 கிராம். எனக்கு முதன்முதலில் சுடக் கொடுக்கப்பட்டது அதுதான். ஏழு பவுண்டு எடையுள்ள 12 கேஜ் (கேஜ் குழலின் அளவு, எண் குறைந்தால் குழல் பெரிது) பம்ப் துப்பாக்கி, அளவு அதைக் கொடுத்த ஆறடி மனிதருக்கு. "இதைத் தாங்கிட்டா அப்புறம் எதையும் தாங்கலாம்" என்றார். சில தோட்டாக்களிலேயே எனக்குக் கன்றியது தோள் கூட இல்லை, மேற்கை, அதாவது தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே. ஏன் மேற்கை என்பதற்கு அப்போது யாரிடமும் பதில் இல்லை. "பொம்பளைங்களுக்கு இது கஷ்டம்தான்" என்பது மட்டும் கிடைத்தது.

பதில் கணக்கில் இருக்கிறது. குழலின் முன்பக்கமாக வெளியேறும் எல்லாவற்றுக்கும், அதாவது குண்டு, அதைத் தாங்கும் பிளாஸ்டிக் குப்பி, எரிந்த வெடிமருந்தின் வாயு அத்தனைக்கும் சேர்ந்த உந்தம் அப்படியே துப்பாக்கிக்குப் பின்பக்கமாக வந்துசேரும். நியூட்டனிடம் பேரம் பேச முடியாது. ஆனால் அந்த உந்தம் துப்பாக்கியில் எவ்வளவு ஆற்றலாக மாறுகிறது என்பது துப்பாக்கியின் எடையைப் பொறுத்தது. உந்தம் பத்து சதவீதம் கூடினால் ஆற்றல் இருபத்தொரு சதவீதம் கூடும். எடை ஏழு பவுண்டிலிருந்து எட்டானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்கு குறையும். "தூக்கிட்டு நடக்க லேசா இருக்கு" என்று வாங்கும் துப்பாக்கி சுடும்போது அந்த லேசுக்கு வட்டியோடு வசூலித்துவிடும்.

எண்களைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். .22 ரைபிளின் உதை சுமார் 0.2 அடி-பவுண்டு (ஆற்றலை அளக்கும் அலகு). ஏழரை பவுண்டு ரைபிளில் .243 வின்செஸ்டர் தோட்டா, பத்துக்குப் பக்கம். எட்டு பவுண்டு ரைபிளில் .30-06, இருபது. பெரும்பாலானவர்கள் துல்லியம் கெடாமல் தொடர்ந்து சுடக்கூடிய எல்லை அந்த இருபதுக்கு முன்பே வந்துவிடும் என்பது இத்தனை வருடம் பக்கத்து பெஞ்சுகளைப் பார்த்து எனக்கு வந்த எண்ணம். எனக்குக் கொடுத்த ஸ்லக் துப்பாக்கியோ முப்பதைத் தாண்டும். ஆப்பிரிக்காவில் எருமைக்கும் யானைக்கும் எடுத்துப்போகும் .375 ஹெச் அண்ட் ஹெச் நாற்பதை ஒட்டி, .458 வின்செஸ்டர் மேக்னம் அறுபதுக்கு மேல். மான் சுட வந்த புதியவருக்கு ஆப்பிரிக்க எருமைத் துப்பாக்கியை நெருங்கும் உதையைக் கொடுத்துவிட்டுத்தான் நாம் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் நேரம். சீட்பெல்ட்டில் லோட் லிமிட்டர் என்று ஒரு பாகம் உண்டு. நெஞ்சில் விழும் விசை ஒரு அளவைத் தாண்டும்போது பெல்ட்டைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். நிற்க வேண்டிய உடம்பு நின்றுதான் ஆக வேண்டும், ஆனால் அது நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் சில மில்லி விநாடி கூடும். விலா எலும்பு தப்பிப்பது அந்தச் சில மில்லி விநாடியில்தான். துப்பாக்கியிலும் இதே கதை. ரெமிங்டன் 1963-ல் கொண்டுவந்த 1100 போன்ற, வாயுவால் இயங்கும் செமி ஆட்டோ ஷாட்கன்களில் குழலிலிருந்து கொஞ்சம் வாயு பிரிந்து உள்ளே உலோகப் பாகங்களைப் பின்னால் தள்ளும். உந்தம் அதேதான், ஆனால் அது தோளுக்கு வந்துசேரும் நேரம் நீள்கிறது. அதே தோட்டாவை இரட்டைக்குழலில் சுட்டவர் 1100-ல் சுட்டால் சட்டென்று வித்தியாசம் தெரியும். பின்கட்டையில் ஒட்டும் நல்ல ரப்பர் பேட் செய்வதும் இதையே. பழைய துப்பாக்கிகளில் அந்த ரப்பர் கல்லாக இறுகியிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழாவிட்டால் மாற்றிவிடுங்கள். லிம்ப்சேவர், கிக்-ஈஸ், பேக்மேயர் எதுவானாலும் சரி, அந்தக் கல்லை விட மேல்.

இங்கேதான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். உதைக்குப் பயந்து கட்டையைத் தோளிலிருந்து அரை அங்குலம் தள்ளிப் பிடிக்கிறார்கள். அந்த அரை அங்குல இடைவெளியில் துப்பாக்கி தன் முழு வேகத்தையும் எடுத்துக்கொண்டு வந்து எலும்பில் மோதும். இறுக்கிப் பிடித்தால் துப்பாக்கியோடு உங்கள் உடம்பின் எடையும் சேர்ந்துகொள்ளும், இரண்டும் சேர்ந்து மெதுவாகப் பின்னால் போகும்.

இப்போது என் மேற்கைக்கு வருகிறேன். விசையிலிருந்து பின்கட்டையின் முனை வரை உள்ள நீளம் கடை ஷாட்கன்களில் பெரும்பாலும் பதினான்கேகால், பதினான்கரை அங்குலம். இது சராசரி உயரமுள்ள ஆணுக்கான அளவு. மோதல் சோதனையில் நாங்கள் காலகாலமாகப் பயன்படுத்தும் ஆண் பொம்மை சுமார் 175 செ.மீ. உயரம், 78 கிலோ எடை. சிறிய பெண்ணுக்கான பொம்மை ஐந்தடிக்கும் குறைவு, சுமார் 49 கிலோ. ஆண் பொம்மைக்குச் சரியாக உட்கார்ந்த பெல்ட் இந்தப் பொம்மையின் கழுத்தில் போய் உட்கார்ந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பொம்மை பலவீனமானது என்று யாரும் சொல்லமாட்டார்கள், பெல்ட்டைத்தான் மாற்றுவோம். துப்பாக்கி விஷயத்தில் மட்டும் ஆளைக் குறை சொல்கிறார்கள். கட்டை நீளமாக இருந்தால் தோள் குழிக்குள் அது வராது, வெளியே நழுவி மேற்கைத் தசையில் உட்காரும். அல்லது அதை உள்ளே கொண்டுவர நாம் பின்பக்கமாகச் சாய்வோம், சாய்ந்த உடம்பை உதை இன்னும் பின்னால் தள்ளும். பெண்களுக்கு மட்டுமில்லை, நம் ஊர் ஆண்களில் பலருக்கும் இந்த அளவு நீளம்தான்.

என் துப்பாக்கிக் கட்டை இப்போது பன்னிரண்டே முக்கால் அங்குலம். உள்ளூர் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் ஒருவர் மரத்தை அறுத்து, புது பேட் போட்டுக் கொடுத்தார். சுடும் நிலையில் துப்பாக்கியை ஏந்தும்போது மூக்குக்கும் பிடித்த கையின் கட்டைவிரலுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருந்தால் ஏறக்குறைய சரி. ஒன்றை மறந்துவிடாதீர்கள், இதை வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அளக்க வேண்டும். ஜூலையில் டி-சர்ட்டில் கச்சிதமாக இருந்த கட்டை குளிர்காலக் கோட்டின் மேல் ஒரு அங்குலம் நீண்டுபோன மாதிரி ஆகிவிடும்.

நீளத்தோடு கன்னத்தையும் பாருங்கள். கட்டையின் மேல் விளிம்பு தாழ்வாக இருந்தால் துப்பாக்கி மேல் பொருத்திய தொலைநோக்கியில் பார்க்கத் தலையைத் தூக்க வேண்டியிருக்கும், கன்னம் அந்தரத்தில் நிற்கும், சுட்டதும் கட்டை மேலெழுந்து கன்ன எலும்பில் அறையும். ஒட்டுகிற மெத்தை ஒன்றை மேலே போட்டு உயர்த்தினால் போதும். தொலைநோக்கிக்கும் கண்ணுக்கும் நடுவே நான்கு அங்குலமாவது விடுங்கள். புருவத்துக்கு மேல் பிறை வடிவத் தழும்போடு சுடுமிடத்தில் நடமாடும் அத்தனை பேரும் இந்த இடைவெளியை விடாதவர்கள். பெண்களுக்கு இன்னொன்று, ஆண்கள் யாரும் இதைச் சொல்லித்தரமாட்டார்கள். உள்ளாடைத் தோள்பட்டையில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தச் சின்ன உலோக வளையம் கட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான். வளையம் இல்லாத, விளையாட்டுக்கான வகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் இன்றைய கண்டுபிடிப்பும் இல்லை. குறிபார்த்துச் சுடும் காட்சிகளால் புகழ்பெற்ற, ஓஹாயோவில் 1860-ல் பிறந்த ஆனி ஓக்லி ஐந்தடிதான். 1887-ல் காட்சிக் குழுவோடு லண்டனுக்குப் போனபோது சார்ல்ஸ் லங்காஸ்டர் என்ற துப்பாக்கி நிறுவனம் அவர் உடம்புக்கு ஏற்ற துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தது. உலகமே வாய் பிளந்து பார்த்த கைக்கு அளவெடுத்த துப்பாக்கி தேவைப்பட்டிருக்கிறது. நமக்கு மட்டும் கடையில் கிடைத்தது போதுமா?

உதை என்று நாம் நினைப்பதில் கணிசமான பகுதி உதையே இல்லை, சத்தம். 12 கேஜ் ஒரு முறை வெடித்தால் 150 டெசிபலைத் தாண்டும். காதுக்கு உடனடிச் சேதம் வரும் எல்லை 140. புதிதாக யாரையாவது அழைத்துப் போனால் காதுக்குள் ஸ்பாஞ்ச் அடைப்பான், அதன் மேல் ஹெட்போன் மாதிரியான மூடி என்று இரண்டையும் போடச் சொல்வேன். வெறும் மூடியோடு சுட்டு மிரண்டவர்கள், இரண்டையும் போட்டதும் "இப்போ உதை குறைஞ்ச மாதிரி இருக்கே" என்று அவர்களாகவே சொல்வார்கள். தோட்டாவும் அதேதான், துப்பாக்கியும் அதேதான். இதே காரணத்தால்தான் குழல் முனையில் பொருத்தும் மசில் பிரேக்கை நான் யோசித்தே சொல்வேன். வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதையை நன்றாகவே குறைக்கும். ஆனால் சத்தம் சுடுபவர் பக்கமும் பக்கத்து பெஞ்சுப் பக்கமும் திரும்பிவிடும். கூரை போட்ட சுடுமிடத்தில் அடுத்தவருக்கு அது பெரிய வேதனை.

பெஞ்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். உட்கார்ந்து, மேசைமேல் குனிந்து சுட்டால் இடுப்புக்கு மேல் உடம்பு முன்னால் சாய்ந்து பூட்டிக்கொள்ளும். பின்னால் போக வழியே இருக்காது, உதை முழுவதும் தோளிலேயே முடியும். படுத்துச் சுடுவது இதை விடக் கடுமை. நின்றபடி சுடுங்கள். கால்கள் தோள் அகலம், எடை முன்காலில், மூக்கு முன்காலின் விரல்களுக்கு மேல் வருகிற அளவு சாய்வு. ஷாட்கன் என்றால் முன்கை துப்பாக்கியை முன்னால் தள்ள, பின்கை பின்னால் இழுக்க வேண்டும். உதை வந்ததும் இடுப்பிலிருந்து உடம்பு ஆடட்டும், தடுக்காதீர்கள். தொலைநோக்கியைச் சரிபார்க்க பெஞ்ச் தேவைதான், அதற்கு மட்டும் தோளுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு சின்ன மணல்பை வைத்துக்கொள்ளுங்கள். லெட் ஸ்லெட் என்ற தாங்கியும் நல்லது. ஆனால் அதன் தட்டில் அளவுக்கு மீறி எடையை ஏற்றிவிட்டால் துப்பாக்கி பின்னால் நகரவே முடியாமல் மரக்கட்டையே விரிசல் விடும்.

பயம் ஏற்கெனவே வந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே வெற்று டம்மிகளைக் கலந்து போட்டுக் கொடுக்கட்டும். டம்மியில் "க்ளிக்" சத்தம் வரும்போது குழல் அசையாமல் நின்றால் நீங்கள் நலம். குழல் குபுக்கென்று கீழே இறங்கினால் உங்கள் உடம்பு வராத உதைக்குத் தயாராகிவிட்டது. பலம், வயது, பாலினம் எதற்கும் இதில் விலக்கு இல்லை. அமெரிக்க ட்ராப் போட்டிகளில் காற்றில் வீசப்படும் களிமண் தட்டுகளை ஆயிரக்கணக்கில் சுட்ட பழைய கைகளுக்கே இது வந்து, சிலர் ரிலீஸ் ட்ரிகர் என்ற ஒன்றைப் பொருத்திக்கொள்கிறார்கள். விசையை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், விட்டால்தான் வெடிக்கும். இழுக்கும் கணத்தில் விரல் உறைந்துபோவதால் இப்படி ஒரு வழி. பல வருடத்து உதை மனிதருக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

மருந்து எளிமையானது, பொறுமை மட்டும் வேண்டும். பெரிய துப்பாக்கியை அலமாரியில் வைத்துவிட்டு .22-க்குத் திரும்புங்கள், மாதக்கணக்கில். அதில் விசையை மெதுவாக அழுத்த விரல் மறுபடி பழகட்டும். வேட்டைத் தோட்டாவைப் பருவம் தொடங்கும் முன் குறி சரியா என்று பார்க்க நான்கைந்து சுட்டால் போதும். பெட்டி காலியாகும் வரை சுட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இவ்வளவுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இந்த உதை தேவையா என்பது. தெற்கு மிச்சிகனில் மானைச் சுடுவது பெரும்பாலும் நூறு கஜத்துக்குள். 20 கேஜ் ஸ்லக்குக்காகவே செய்த சாவேஜ் 220 அதற்குத் தாராளம். 2019-ல் வின்செஸ்டர் கொண்டுவந்த .350 லெஜெண்ட் மேலே சொன்ன விதிக்குள் அடங்கும் நேரான தோட்டா, உதை பத்து அடி-பவுண்டுக்குள். நான் இப்போது அதைத்தான் சுடுகிறேன். .450 புஷ்மாஸ்டர் வாங்கியவர்கள் என்னிடம் வந்து "உன்னோடது சின்னது" என்பார்கள். அவர்கள் உதை என்னுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மானுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, குண்டு எங்கே பட்டது என்பது மட்டும்தான் தெரியும்.

கடைசியாக, புதியவர் கையில் பெரிய துப்பாக்கியைக் கொடுத்து, அவர் தடுமாறுவதைப் படம் பிடித்துச் சிரிக்கும் பழக்கம். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். 2014 ஆகஸ்டில் அரிசோனாவில் ஒரு சுடுமிடத்தில் ஒன்பது வயதுச் சிறுமியிடம் ஊஸி என்ற தானியங்கித் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். தொடர்ந்து வெடித்த உதையில் அவள் கையை மீறித் துப்பாக்கி மேலெழுந்தது, பக்கத்தில் நின்ற பயிற்சியாளரின் உயிர் போனது. உதை கட்டுக்குள் இல்லையென்றால் குழல் எங்கே திரும்பும் என்பதும் நம் கட்டுக்குள் இல்லை. ஒற்றைத் தோட்டா ஷாட்கனும் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். யாராவது உங்களை அப்படி ஒன்றைச் சுடச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அது முழுக்க உங்கள் உரிமை. வற்புறுத்துபவர் நண்பராக இருந்தாலும் சரி.

என் மகள் இப்போது ஐலண்ட் லேக் பக்கம் என்னோடு களிமண் தட்டு சுட வருகிறாள். சின்னக் கட்டை போட்ட 20 கேஜ், கிடைப்பதிலேயே மென்மையான தோட்டா. எப்போது நிறுத்துவது என்பது அவள் முடிவு. சில நாள் பத்துத் தட்டிலேயே "போதும்மா" என்பாள், பையைக் கட்டிவிடுவோம். வளர்கிற பிள்ளை என்பதால் பேட்டுக்கு அடியில் வைக்கக் கால் அங்குலத் தகடுகள் சில வாங்கி வைத்திருக்கிறேன். .350-ஐ எப்போது தருவாய் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். டம்மி சோதனையில் குழல் அசையாமல் நிற்கட்டும், அப்புறம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.